வரியில்லாத மூன்றாவது வழி

பட்டறைக்காரிக்குப் புருஷன் வேண்டாம், பட்டறை வேண்டும். பழைய இரும்பு வியாபாரியான புருஷனுக்குப் பெண்டாட்டி வேண்டாம், பட்டறை வேண்டும். அது இருவர் பெயரிலும் பாதிப் பாதி இருந்தது. லேத் ஓட்டி ஓட்டிக் கை காய்த்தது அவளுக்குத்தான். முதல் போட்டது நான் என்று மீசையைத் தடவுவது மட்டும் அவர் வேலை. வியாழக்கிழமை விவாகரத்துத் தீர்ப்பு. அதற்குள் ஆடிட்டரைப் பார்த்துவிடலாம் என்று அவளுடைய அண்ணன் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஆடிட்டர் நேர்மையானவர். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் அவருக்குச் சோறு செரிக்காது. தீர்ப்புக்கு முன்னால் ஒருவர் தம் பங்கை மற்றவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் வரி இல்லை என்றார். தீர்ப்புக்குப் பிறகு இருவரும் அந்நியர். விலைக்குத்தான் மாற்ற முடியும், மூன்றில் ஒரு பங்கை வரி தின்றுவிடும் என்றார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

“மூணாவதா ஒரு வழி இருக்கு. தீர்ப்புக்கு முன்னாடி ரெண்டு பேர்ல ஒருத்தர் காலமாயிட்டா மொத்தமும் மத்தவருக்கு. பைசா வரி கிடையாது.”

பட்டறைக்காரி புருஷனின் கழுத்தைப் பார்த்தாள். காலங்காலமாகப் பார்த்த கழுத்துதான். அன்றுதான் அதன் சுற்றளவு கண்ணில் பட்டது. அவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார், காயலான் சரக்கை எடை மதிப்பதுபோல.

மறுநாள் காலை அவள் லேத்தில் குனிந்திருந்தபோது கடப்பாரை பின்னாலிருந்து வந்தது. மண்டைக்கு வைத்த குறி தப்பித் தோளெலும்பு நொறுங்கியது. அவள் சுருள் சுருளாகக் கொதித்துக் கிடந்த இரும்புச் சீவலை அள்ளி அவர் முகத்தில் அப்பினாள். கண் தெரியாமல் அவர் வீசிய அடுத்த வீச்சு, சமாதானம் பேச வந்த அண்ணனின் தாடையில் இறங்கியது. பற்கள் எண்ணெய்த் தட்டில் நீந்தின.

“பங்கை எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?” என்றாள் மூச்சிரைக்க.

“நீ எழுதேண்டி. உனக்கு மட்டும் கை இல்லையா?”

கை என்றதும் அவளுக்கு யோசனை வந்தது. அவர் சட்டைக் கையைப் பிடித்துச் சுழலும் லேத்தில் கொடுத்தாள். சட்டை போனது, தோல் போனது, முழங்கைக்குக் கீழே எலும்பு சுள்ளி முறிவதுபோல் முறிந்தது. லேத் அவரை மூன்று சுற்றுச் சுற்றி, வேண்டாம் என்று எறிந்தது. கூரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு போய்த் தெருவில் நின்ற தம் லாரியிலேயே விழுந்தார். நம்பாதவர்கள் தகட்டைப் போய்ப் பார்க்கலாம். ஓட்டை அச்சு அசலாக அவர் உருவம், மீசை உட்பட.

மனிதர் அசரவில்லை. மிச்சமிருந்த கையால் லாரியைக் கிளப்பிப் பட்டறைச் சுவரில் மோதினார். சுவர் பாரபட்சம் பார்க்காமல் இருவர் மேலும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவளுக்கு விலா நாலு போயிருந்தது. அவருக்கு ஒரு கண். தாடையைக் கம்பியால் கட்டிய அண்ணன் நடுவில் காவல் உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர் தலைகுனிந்து வந்தார்.

“ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. கொன்னவங்களுக்குச் சொத்து சேராது. தானாப் போகணும்.”

அவள் கேட்டாள்: “ரத்தக் கொதிப்புல போனா?”

“அது தானாப் போறதுதாம்மா.”

“சர்க்கரையில போனா?” என்றார் அடுத்த கட்டில்காரர்.

“அதுவும்தான் சார்.”

வியாழக்கிழமை இருவரும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். நீதிபதிக்குக் கண்கலங்கியதாகக் கேள்வி. பட்டறைச் சுவரை எழுப்பி அவள் மறுபடி லேத் ஓட்டுகிறாள். சாயங்காலமானால் அவர் அவளுக்கு ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வருகிறார். அவள் அவருக்குக் குழம்பில் இன்னொரு பிடி உப்புப் போடுகிறாள். தெருவே மெச்சுகிறது. காவலுக்கென்று அண்ணன் சாப்பாட்டு வேளையிலும் நடுவில்தான் உட்காருகிறார். இனிப்பை அவள், “அண்ணே, நீ சாப்பிடு” என்பாள். தட்டை அவர், “மச்சான், நீங்க சாப்பிடுங்க” என்று தள்ளுவார். இருவரும் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள். போன வாரம் டாக்டர் அண்ணனைப் பார்த்துவிட்டு, சர்க்கரையும் கொதிப்பும் ஒன்றாக இவ்வளவு ஏறி உட்கார்ந்ததைத் தாம் கண்டதில்லை என்றாராம்.