விலை சொன்ன பிறகு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் மனைவி லோகப்பிரியா. என் எழுத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. "நீங்க ஏதாச்சும் எழுதீட்டு உக்காருங்க. கை ரெண்டும் லேப்டாப்புலயே இருக்கட்டும்" என்றாள். கை ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இன்னும் சற்று நேரத்தில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு போன் வரும். பிரியா ஒரு விலையைச் சொல்ல வேண்டும்.

முதல் தொடக்கம்: 'சரவணம்பட்டியின் கண்ணாடிக் கட்டடங்களின் மேல் வெயில் ஏறிய அந்தக் காலையில், சபரீஷ் தன் வாழ்வின் மிகப் பெரிய—'

வேண்டாம்.

2

சபரீஷ் என்று யாரும் இல்லை. பதினான்கு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு, போன தை மாதம் அதை உதறி, சொந்தமாகத் தொழிற்சாலைகளுக்குக் கணினி ஆலோசனை சொல்லக் கிளம்பியவன் என்று அவனை வைத்திருந்தேன். அது முழுக்க முழுக்க பிரியாதான். பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"ஏனுங்க, என்னைய ஆம்பளையாக்கிப் போட்டீங்களா?"

"ஆம்பளைன்னா தைரியமா வெல சொல்லுவான்னு படிக்கறவங்க நம்புவாங்க, பிரியா."

"எவ்வளவு சொல்றானுங்க உங்க சபரீஷு?"

"ஒன்னரை லட்சம்."

அவள் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது.

"மூணு லட்சத்து அறுபதாயிரமுங்க! பழைய சர்வர்ல கெடக்கற கணக்கு பூராத்தையும் ஒரு பில்லு விடாம புதுசுக்கு மாத்தோணும். அப்பறம் ஒரு வருசம் எப்பக் கூப்பிட்டாலும் ஓடோணும். கதையிலகூடவா கொறச்சுப் போடுவீங்க?"

உண்மைதான். பேரம் பேச ஆளே இல்லாத இடத்தில், வெறும் கற்பனையில், நானாகவே பாதிக்கு மேல் தள்ளுபடி கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சபரீஷை அழித்துவிட்டேன்.

3

எதற்கு இத்தனை பதற்றம் என்று நீங்கள் கேட்கலாம். பழைய நிறுவனம் அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது, பெங்களூரு அலுவலகத்துக்கு. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை அவள் கேட்கும் விலைக்கு அமைந்தால் இங்கேயே தனியாக நிற்கலாம். அமையாவிட்டால் அவள் வாரம் ஒருமுறை ரயிலில் வந்துபோகும் விருந்தாளி ஆகிவிடுவாள். அவளுக்குப் போக மனமில்லை. எனக்கும் அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் வாடகை இருக்கிறது. என் கதைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இலவசப் பிரதி.

அந்த மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை அவள் ஆசைக்குப் போடவில்லை. வேலை இல்லாத மாதங்களின் சோற்றையும் வேலை இருக்கும் மாதத்தின் விலைக்குள்தான் வைக்க வேண்டுமாம். மாதச் சம்பளம் வாங்கியபோது அதைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. இப்போது அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். (இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல மாதம் ஆனது.)

4

[இங்கே தேங்காயைப் பற்றி நீண்ட வர்ணனை ஒன்று இருந்தது. நீக்கிவிட்டேன். விஷயம் மட்டும்:]

போன் செய்யப்போகிறவர் பாலுசாமி. பம்ப் செட் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். பிரியாவுக்குத் தூரத்துப் பங்காளி, பெரியப்பா முறை. விலை பேசுவதற்கு முன்பே தன் தோட்டத்துத் தேங்காயை ஒரு மூட்டை அனுப்பிவிட்டார். நாங்களும் அதில் சட்னி அரைத்துத் தின்றுவிட்டோம்.*

* இது லஞ்சம் இல்லை. ஒருவரை 'நம்மூட்டுப் புள்ள' (நம் வீட்டுப் பிள்ளை) ஆக்கிக்கொள்கிற எங்கள் பக்கத்து முறை. நம்மூட்டுப் புள்ளைக்கு யாரும் முழு விலை கொடுப்பதில்லை. நம்மூட்டுப் புள்ளையும் கேட்பதில்லை.

5

இப்போது கை.

பிரியாவுக்கு விலை சொல்லத் தெரியும். சொன்ன பிறகு சும்மா இருக்கத்தான் தெரியாது. ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவரிடம் போனில், "எம்பதாயிரமுங்க" என்றாள். அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அவ்வளவுதான். "பாத்துக்கலாமுங்க" என்று இவளே இறங்கினாள். எதிரே நான் உள்ளங்கையைக் கீழே கீழே அமுக்கிச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாங்கள் இருவருமாக நாற்பத்தைந்துக்கு வந்துவிட்டோம்.

அமைதியாக இருப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. எதிராளி சங்கடப்படுவாரே என்று நாங்களே முந்திக்கொண்டு எங்கள் விலையை அறுத்துவிடுவோம். அதனால்தான் இன்று என் கைகளைக் கட்டிப்போட இந்தக் கதை.

6

முடிவுகள், கைவசம் உள்ளவை:

பாலுசாமி உடனே சம்மதிக்கிறார். "அதும் வேண்டாமுங்க. ஒடனே செரின்னுட்டா, இன்னுங் கேட்டிருக்கலாமோன்னு ஒரு வருசம் தூக்கம் வராது" என்கிறாள் பிரியா.

பாலுசாமி மறுக்கிறார். பிரியா பெட்டி கட்டுகிறாள். ரயில் நிலையத்தில் நான்— (எழுத மாட்டேன்.)

பாலுசாமி பாதி விலை சொல்கிறார்—

போன்.

7

மேசை மேல் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். நான் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறேன்.

"நல்லாருக்கறயா கண்ணு? தேங்கா வந்துதா?"

"வந்துதுங்க பெரியப்பா. நல்ல தேங்காயிங்க."

"நம்ம தோட்டத்துதுதான். செரி, உன்றகிட்டப் போயி என்னத்தப் பேரம் பேசறது? நீயி நம்மூட்டுப் புள்ள. பாத்து ஒரு வெலையச் சொல்லு."

பிரியா என்னைப் பார்க்கவில்லை. மூலையில் கிடக்கும் மூட்டையையும் பார்க்கவில்லை.

"மூணு லட்சத்து அறுபதாயிரமுங்க, பெரியப்பா."

அந்தப் பக்கம் தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு செருமல். மறுபடி இயந்திரம். பிரியாவின் உதடு பிரிகிறது. 'பாத்துக்கலாமுங்க' அங்கே வந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். என் வலது கை மேலே எழப் பார்க்கிறது. அதனால் இந்த வரியை அடிக்கிறேன், இதற்கடுத்த வரியையும்.

இப்போது நான் ஒரு முடிவை எழுதினால் அது தள்ளுபடியாகத்தான் இருக்கும், எனக்கு அவ்வளவு பயம். எழுத மாட்டேன். அடைப்புக்குறியும் அடிக்குறிப்பும் போட்டு இதுவரை ஓயாமல் பேசிவிட்டேன். அடுத்த வார்த்தை பெரியப்பாவுடையது. அதுவரை அவள் பேசக்கூடாது. நானும் பேசக்கூடாது.

நீங்களும் இரக்கப்பட்டு எதையாவது சொல்லிவிடாதீர்கள்.