உபரி டிஸ்க்கில் ஒரு கையெழுத்து

எங்கள் துறையில் இறுதியாண்டு புராஜெக்ட் இரண்டே வகை. ஒன்று, நூலக மேலாண்மை மென்பொருள். இன்னொன்று, போன வருடம் சீனியர்கள் செய்த நூலக மேலாண்மை மென்பொருள். எங்கள் குழுவில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் இந்த மரபைக் காப்பாற்ற மனதாரத் தயாராக இருந்தோம். மூன்றாவது ஆள் மைக்ரான்.

மைக்ரான் என் பெரியம்மா மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். மூன்று மாதம் என்றாலும் மூத்தவள் மூத்தவள்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் போடுவேன் என்பது பெரியம்மா போட்ட சட்டம். ஆகவே, மயிரிழைப் பிசகும் பொறுக்காததால் வகுப்பே மைக்ரான் என்று கூப்பிடும் பெண்ணை நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு உறுப்பினன் சித்தப்பா. அவன் யாருக்கும் சித்தப்பா இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே தலைமுடி அவனைக் கைவிட்டது, முதலாண்டுப் பிள்ளைகள் அவனைக் கண்டால் எழுந்து நின்றார்கள், பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

“சிடியோட அடிப்பக்கத்துல படம் வரையப் போறோம். சாதாரண டிரைவை வச்சு. அதுல இருக்கிற லேசராலயே” என்றாள் மைக்ரான்.

“மேல்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினா ஆகாதா?” என்றான் சித்தப்பா.

அவள் அவனைப் பார்த்த பார்வையில் மிச்சமிருந்த முடியும் கொட்டியிருக்க வேண்டும்.

அவள் செய்ததை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். எழுதும் சிடியின் அடியில் ஒரு சாயம் பூசியிருக்கும். லேசர் அதைச் சுட்டுச் சுட்டுத் தழும்பு போடும். அந்தத் தழும்புகளைத்தான் பாட்டாகவும் படமாகவும் கணினி படிக்கிறது. சில எண்களைக் கொடுத்தால் தழும்பு நீளநீளமாக விழுந்து அந்த இடம் கறுக்கும். சில எண்களுக்குக் குட்டையாக விழுந்து வெளுக்கும். கறுப்பும் வெளுப்பும் இருந்தால் படம் வரைந்துவிடலாம். கேட்க எவ்வளவு சுலபம்!

ஆனால் டிரைவ் சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி இல்லை. டிஸ்க்கில் கீறல் விழுந்தாலும் படிக்க முடியவேண்டும் என்று நாம் கொடுக்கிற எண்களைக் கலைத்துப் போட்டுத்தான் எழுதும். மைக்ரான் அது எப்படிக் கலைக்கிறது என்று மூன்று மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். பிறகு, அது கலைத்தபின் சரியாக வருகிற மாதிரி இவளே முன்கூட்டித் தலைகீழாகக் கலைத்துக் கொடுத்தாள். ஒரு இயந்திரத்தை அதன் வழியிலேயே போய் மடக்கிய மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த மூன்று மாதமும் நான் புராஜெக்ட் அறிக்கையில் நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதோடு முடியவில்லை. சிடியில் இருப்பது ஒரே கோடு. நடுவிலிருந்து விளிம்புவரை இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே போகும். முதல் சுற்று எவ்வளவு நீளம், சுற்றுக்கும் சுற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்ற இரண்டு எண்ணும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டைமேல் எவனும் அச்சடிப்பதில்லை. துளி பிசகினாலும் அந்தப் பிசகு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போய்ப் படத்தை முறுக்கிவிடும். முதலில் எங்கள் துறைத் தலைவர் முகத்தைத்தான் வரைந்தோம். அவர் வாஷ்பேசினில் இறங்கும் தண்ணீர்போல வந்தார். நாற்பத்துமூன்று டிஸ்க் வீணாக்கி நாற்பத்துநான்காவதில்தான் நேரானார். பார்த்தவர்கள் யாரும் அவரை அவ்வளவு நேராக அதற்குமுன் கண்டதில்லை. அந்த டிஸ்க்கைப் பிளேயரில் போட்டால் ஓட்டுமேல் மழை விழுகிற சத்தம் கேட்கும். அவர் வகுப்பைவிடத் தெளிவு.

வேறு ஊரில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் மைக்ரானைச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. ஒரே நிபந்தனை, அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் தேர்ச்சி பெற்றதற்கான தாள் வேண்டும். வாய்மொழித் தேர்வு வியாழக்கிழமை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் மூன்று வாரத் தூக்கக் கலக்கம். டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு துறைத் தலைவரைப் பார்த்தார். மறுபடி டிஸ்க்கைப் பார்த்தார்.

“இது நீங்கதானே?”

“பசங்க பிரியத்துல…” என்று துறைத் தலைவர் நெளிந்தார்.

தேர்வாளர் அவருடைய மூக்கை நகத்தால் சுரண்டினார். டிஸ்க்கில் இருந்த மூக்கைத்தான். ஒன்றும் உரிந்து வரவில்லை. கன்னத்தையும் சுரண்டிப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் இல்ல. அப்ப எங்கயோ கொடுத்து அச்சடிச்சிருக்கீங்க.”

“இல்ல சார், இந்த டிரைவ்லதான் எழுதினேன்” என்றாள் மைக்ரான்.

“போன வாரம் ஒரு காலேஜ்ல ரோபோன்னு காட்டினாங்கம்மா. மேசைக்கு அடியில ஒருத்தன் உட்கார்ந்து நூலைப் பிடிச்சு இழுத்திட்டிருந்தான். தும்மிட்டான். அதனால தெரிஞ்சுது.” அவர் மதிப்பெண் தாளைத் திறந்தார். அதில் ‘மோசடி’ என்று ஒரு கட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேனா அதன் பக்கத்தில் போய் நின்றது. “இதுல டிக் அடிச்சா ஒரு வருஷம் போயிரும். அடிக்க எனக்கும் ஆசை இல்ல. என் கண்ணு முன்னால ஒண்ணு எழுதிக் காட்டுங்க. படம் நான் கொடுப்பேன். டிஸ்க்கும் நான் கொடுப்பேன்.”

மதிப்பெண்களைப் பதிந்து கொண்டுவரச் சொல்லி பல்கலைக்கழகம் அவருக்கு இரண்டு டிஸ்க் கொடுத்திருந்தது. உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தைப் போட்டார். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, கீழே போய், வளைந்து, திரும்பி வந்தது.

“டீ வர்றதுக்குள்ள முடிக்கணும்” என்றார்.

மைக்ரான் டிஸ்க்கைத் திருப்பினாள். எங்கள் டிஸ்க்குகளின் அடிப்பக்கம் நீலம். இது வெளிர்பச்சை.

“அக்கா, இது நம்ம கம்பெனி இல்லையே” என்றேன் காதோரம்.

“தெரியுது.”

“நம்ம எண்ணைப் போட்டா முறுக்கிக்குமே.”

“அதுவும் தெரியுது, வாயை மூடு.”

“வேற டிஸ்க், அளவு தெரியாதுன்னு சொல்லிருவோம்” என்றான் சித்தப்பா.

“சொல்லு. சாக்குன்னு நினைப்பாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.”

ஒருமுறை எழுதினால் எழுதினதுதான், அழிக்க வழியில்லை. நாற்பத்துமூன்று பிழைக்குப் பிறகு கற்ற வித்தையை ஒரு பிழையும் இல்லாமல் செய்யவேண்டும். என் பங்குக்கு நான் வியர்த்தேன். அவள் டிஸ்க்கை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபடி கொஞ்சநேரம் நின்றாள். கறிகாய் வாங்கும்போது பெரியம்மா இப்படித்தான் நிற்பாள், கடைக்காரருக்கு உதறும்.

“தம்பி, முழுசா எழுத வேண்டாம். உள்பக்கம் ரெண்டு நிமிஷ அளவுக்கு மட்டும் எழுதிட்டு, டிஸ்க்கை முடிச்சு மூடாம வெளிய எடுத்துருவோம். மிச்ச இடத்துல அப்புறம் எழுதிக்கலாம்.”

“ரெண்டு நிமிஷத்துல என்ன வரைவே?”

“ஒரு கோடு. நடுவிலேருந்து வெளிய போற நேர்கோடு.”

தட்டு உள்ளே போனது. டிரைவ் முனகியது. தட்டு வெளியே வந்தபோது கோடு இருந்தது. நேராக இல்லை. துளையைச் சுற்றிச் சுற்றிச் சுற்றி…

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். “இதுவா என் கையெழுத்து? கொசுவத்தி மாதிரி இருக்கு.”

“கையெழுத்து இல்ல சார். நேர்கோடு.”

“இது நேர்கோடா?”

“ஆமா சார், என் கணக்கு தப்பா இருக்கிறதால வளைஞ்சிருக்கு. எவ்வளவு தப்புன்னு அதுவே சொல்லுது பாருங்க. எத்தனை தடவை சுத்தியிருக்குன்னு எண்ணினா ஒரு எண் கிடைக்கும். வெளிய போகப் போக அந்தச் சுத்து எப்படி நெருங்குதுன்னு அளந்தா இன்னொண்ணு. எனக்கு ரெண்டுதான் வேணும்.”

தேர்வாளர் பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாகைமானி இருக்கா?” என்றாள் மைக்ரான்.

என்னிடம் இருந்தது. கணக்கில் எனக்கு இரண்டு அரியர் இருப்பதால் ஜியாமெட்ரி பெட்டி எப்போதும் பையில் இருக்கும். என் தோல்விகள் இந்தக் கல்லூரிக்குப் பயன்பட்டது அன்று ஒருநாள்தான். டிஸ்க்கைத் தாள்மேல் வைத்தோம். சித்தப்பா செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தான். தேர்வாளர் தன் போனில் டார்ச் அடித்தார். யாரும் அவரை அடிக்கச் சொல்லவில்லை.

“பதினொண்ணு” என்றார் அவர்.

“பத்து சார்” என்றான் சித்தப்பா.

“நல்லா எண்ணுப்பா. இங்க ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.”

“அது உங்க விரல் நிழல் சார்.”

அவர் விரலை எடுத்தார். நிழலும் போனது. “பத்தரை” என்று இறங்கி வந்தார். மைக்ரான் பாகைமானியை வைத்துப் பார்த்து, “பத்து, நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு டிகிரி” என்றாள். பத்தரைக்கு மேலே பன்னிரண்டு டிகிரி. துறைத் தலைவர் உட்பட எல்லோரும் தலையாட்டினோம், எதற்கு என்று தெரியாமலே.

அவள் தாளில் கணக்குப் போட்டாள். அடித்தாள், மறுபடி போட்டாள். பென்சில் போகிற வேகத்தைப் பார்த்தால் யாரோ உள்ளிருந்து சொல்லச் சொல்ல எழுதுகிற மாதிரி இருந்தது. புது எண் இரண்டையும் கணினிக்குக் கொடுத்தாள். கையெழுத்தைப் படம் பிடித்து, துளைக்குக் கீழே வருகிற மாதிரி வைத்தாள். தட்டு மறுபடி உள்ளே போனது.

பதினான்கு நிமிடம். டீ வந்தது, ஆறியது. வாசலில் அடுத்த குழு முண்டியடித்தது. துறைத் தலைவர் அவர்களை “போங்கப்பா, போங்கப்பா” என்று விரட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தானும் வந்து டிரைவைப் பார்த்தபடி நின்றார். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு பச்சை விளக்கு மினுங்கியதைத் தவிர.

தட்டு திறந்தது. மைக்ரான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நீ எடு” என்றாள்.

எடுத்தேன். உள்ளே கொசுவத்தி. அதைச் சுற்றி மெல்லிய இடைவெளி. அதற்கப்பால் அந்த வெளிர்பச்சையில் ஒரு கையெழுத்து, இப்போதுதான் பேனாவை எடுத்ததுபோல. வால் கீழே போய், வளைந்து, திரும்பி வந்தது.

தேர்வாளர் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சாய்த்தால் தெரிந்தது, நிமிர்த்தினால் மறைந்தது. சாய்த்தார், நிமிர்த்தினார், சாய்த்தார். நகத்தால் சுரண்டவில்லை.

“பேங்க்ல இந்த வாலைப் பார்த்துட்டுத்தான் என் கையெழுத்து ஒத்து வரலைன்னு திருப்பி அனுப்புவாங்க. நானே ஒரே மாதிரி ரெண்டு தடவை போட்டதில்ல” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நீங்க ரெண்டு பேரும் இதுல என்ன செஞ்சீங்க?” என்றார்.

“டிஸ்க்கைத் தட்டுல வச்சேன் சார்” என்றான் சித்தப்பா.

“எடுத்தேன் சார்” என்றேன் நான்.

பொய் சொல்லாததற்காகவோ என்னவோ எங்களுக்கும் தேர்ச்சி போட்டார். மைக்ரானுக்கு நூற்றுக்கு நூறு. தாளில் கருத்து எழுதும் இடத்தில் ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதி, அதை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

நான் வராண்டாவுக்கு ஓடி வந்து பெரியம்மாவைப் போனில் பிடித்தேன்.

“பெரியம்மா, பாஸ்! நூத்துக்கு நூறு!”

“உனக்கா?” குரலில் நிஜமான அதிர்ச்சி.

“அக்காவுக்கு. எனக்கு வெறும் பாஸ்.”

“அதான பார்த்தேன். அவகிட்ட குடு போனை.”

“வரமாட்டா பெரியம்மா. உள்ள சண்டை போட்டுட்டிருக்கா.”

“யாரோட?”

“தேர்வு வச்சவரோட. கையெழுத்து அரை டிகிரி சாஞ்சிருக்காம்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “நல்ல நாள் அதுவுமா எதுக்குடா அவரு அரை டிகிரிக்கெல்லாம் குத்தம் சொல்றாரு?”

“அவரு சொல்லல பெரியம்மா. சாஞ்சிருக்குன்னு அக்கா சொல்றா. இல்லவே இல்லன்னு அவரு மேசையைத் தட்டுறாரு.”