வீட்டுக்கு மூன்று சொல்

அன்று வானொலி நிலையத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நிலைய அதிகாரி கனகசபாபதி, அறிவிப்பாளர் மங்களேஸ்வரி, பொறியாளர் செய்யது, தலைமை அலுவலகத்திலிருந்து கணக்குத் தணிக்கைக்கு வந்திருந்த வரதன், சொல் இருப்பைக் கவனிக்கும் நான். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ரெஜினாள் வந்தாள். அவளையும் சேர்த்தால் ஆறு.

எங்கள் வானொலி, கேட்கிறவர்கள் கொடுக்கும் சொற்களால் நடக்கிறது. அரசாங்கம் மானியத்தை நிறுத்திய ஆண்டிலிருந்து இதுதான் ஏற்பாடு. வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று சொல். சித்திரை மாதம் தகர டப்பாக்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். வீட்டில் ஒருவர் டப்பாவுக்குள் சொல்லைச் சொன்னதும் மூடி, சீட்டு ஒட்டி, ரசீது கொடுப்பேன். அதன் பிறகு அந்த வீட்டைச் சேர்ந்த யாராலும் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. வானொலியில் கேட்டுக்கொள்ளலாம்.

வேரைக் கொடுத்தால் கிளைகளும் சேர்ந்து போகும். ‘தூங்கு’ கொடுத்த ஒரு வீட்டில் இப்போது “கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்” என்கிறார்கள்.

ஒரு டப்பா எத்தனை முறை ஒலிக்கும் என்பது, கொடுத்தவர்கள் அதை அதுவரை எவ்வளவு புழங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. புழங்காத சொல் நெடுநாள் உழைக்கும். இருப்பில் இல்லாத சொல்லை மைக் முன்னால் சொன்னால் வாய் மட்டும் அசையும்.

மக்கள் தங்களுக்குத் தேவைப்படாததைத்தான் கொடுக்கிறார்கள். அன்று காலை இருப்பில் ‘மாண்புமிகு’ 212, ‘தாழ்மையுடன்’ 148, ‘நன்றி’ 97, ‘உடனடியாக’ 40. கடைசியாகச் சொன்னதை அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரே நாளில் எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள்.

நிலையங்களை ஒன்றாக்கிவிடலாம், சொற்களைத் தலைநகரிலிருந்தே மொத்தமாக அனுப்பலாம் என்பது வரதனின் யோசனை. மாதிரிக்கு ஒரு பெட்டி ‘காற்று’ கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் வானிலை அறிவிப்பில் அதைத் திறந்தோம். அது மின்விசிறிக் காற்று. கடற்கரையில் கேட்டவர்கள் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பகல் ஒன்று இருபதுக்குத் துறைமுக அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஐந்து மணிக்குள் புயல் வரும். விடியற்காலையில் எங்கள் ஊரிலிருந்து பதினான்கு படகுகளில் நாற்பத்தொரு பேர் போயிருந்தார்கள். எல்லாப் படகிலும் டிரான்சிஸ்டர் உண்டு.

“திரும்பு எத்தனை இருக்கு?” என்று கனகசபாபதி கேட்டார்.

“இல்லை சார். ஒரே டப்பா. போன ஐப்பசியில தீர்ந்துபோச்சு.”

“கரை?”

“ஒண்ணு இருக்கு.”

டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மங்களேஸ்வரி மைக் முன்னால் உட்கார்ந்து நிதானமாக வாசித்தார்.

“மீனவர்களுக்கு எச்சரிக்கை. புயல். உடனடியாகக் கறை. உடனடியாகக் கறை.”

சிவப்பு விளக்கு அணைந்ததும் அவர் என்னைப் பார்த்தார். “இருளப்பண்ணே, இது எந்த வீட்டு டப்பா?”

பேரேட்டைப் பார்த்தேன். துணி வெளுக்கிற சந்தனமாரி வீடு. அவர் கொடுத்தது துணியில் படிகிற கறை. சீட்டில் ‘கரை’ என்று எழுதியது என் கை. பதினொரு ஆண்டுகளில் ற, ர மாறிப்போனது அந்த ஒரு டப்பாவில்தான். சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுதி ஒட்டினேன்.

“எல்லாரும் இப்ப வேட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார் செய்யது.

அந்த நேரத்தில்தான் ரெஜினாள் உள்ளே வந்தாள். அவள் புருஷன் மிக்கேல் ஏழாவது படகில் போயிருந்தான். நடந்து வந்தவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

“கறை கறைன்னு படிக்கிறீக. கூப்பிடுறதுக்கு ஒரு சொல்லு இல்லையா உங்ககிட்ட?”

“இருப்பில் இல்லைம்மா” என்றார் கனகசபாபதி.

“டப்பாவ எடுங்கண்ணே. ‘வா’ தாறேன்.”

அந்தச் சொல்லை இதுவரை எந்த வீடும் கொடுத்ததில்லை. எங்கள் கடற்கரையில் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆண், போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டான். ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிப் போனவர்கள் என் பேரேட்டில் இல்லை.

வரதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “வேரா, கிளையா?”

“என்னது?”

“வேரைக் கொடுத்தால் வாறேன், வந்தான், வருவான் எல்லாம் போய்விடும். அதை எழுதிக்கொள்ள வேண்டும்.”

“தெரியும் சார். அவுக வந்தாத்தானே மறுபடி போறதுக்கு. வேரையே எடுத்துக்கங்க.”

“இதை ஆண்டுச் சொல்லில் ஒன்றாக வைப்பதா, மூன்றாக வைப்பதா?”

“மூணா வச்சுக்கங்க. நீங்க கிளம்பையில உங்க வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தீக?”

வரதன் மூன்று என்று எழுதினார்.

ரெஜினாள் டப்பாவை முகத்துக்கு நேராகப் பிடித்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதுபோல் ஒரு தடவை சொன்னாள். மூடினேன். டப்பா கனமே இல்லை. நன்றாகப் புழங்கிய சொல்.

மங்களேஸ்வரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “யாரை வான்னு கூப்பிடுறது? பேரு இருக்கா?”

பெயர்களை யாரும் கொடுப்பதில்லை. எனவே ஆளுக்கு ஒரு தடவை என்று முடிவு செய்தோம்.

“வயசானவுகளை வான்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் அவர்.

படகுவாரியாக எல்லோருடைய வயதும் என்னிடம் இருந்தது. இளையவர்களை முதலில் எழுதினேன். இருபத்தாறு பேருக்கு ‘வா’. பதினைந்து பேருக்கு ‘வாங்க’. மொத்தம் நாற்பத்தொன்று. மங்களேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மூச்சு விட்டு வாசித்தார். நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். மிக்கேலின் முறை ஒன்பதாவது. அப்போது ரெஜினாள் கண்ணாடித் தடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

நாற்பத்தொன்று முடிந்தது. மங்களேஸ்வரி தாளை முதலிலிருந்து எடுத்தார்.

“திரும்பவுமா?” என்று செய்யது கேட்டார்.

“மீனவர் அறிவிப்பு இரண்டு முறை வாசிக்கப்பட வேண்டும். அது விதி” என்றார் வரதன்.

கனகசபாபதியும் தலையாட்டினார். விதி அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது வாசிப்பில் பத்தொன்பதாவது ‘வா’வுக்குப் பிறகு டப்பா தீர்ந்தது. மங்களேஸ்வரியின் வாய் இன்னும் இருபத்திரண்டு தடவை அசைந்தது.

நாலரைக்குப் படகுகள் தெரிந்தன. நானும் பேரேட்டுடன் கடற்கரைக்குப் போனேன். பதினான்கு படகு. நாற்பத்தொரு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டார் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு பத்தொன்பது பேர் கடலிலிருந்து நடந்து வந்தார்கள். முதலில் தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு. எல்லோருக்கும் இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய சட்டைகள் காய்ந்திருந்தன. வரிசையாக நின்றார்கள். நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றினேன்.

மிக்கேல் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். ரெஜினாள் கதவை முழுவதும் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கினாள்.

“என்ன, உள்ள கூப்பிட மாட்டியா?” என்றான்.

“கூப்பிட்டதுனாலதான் இங்க நிக்கிறீக.”

அவன் குனிந்து உள்ளே போனான்.

பத்தொன்பது பேரும் அந்த வீட்டுப் பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சொல் அந்த வீட்டுச் சொல் என்பதால் வேறு எங்கும் போகவில்லை. ரெஜினாள் பெரிய பானையில் கஞ்சி வைத்தாள். அவர்கள் குடித்தார்கள்.

மறுநாள் வரதன் ஊருக்குப் புறப்பட்டார். நிலையத்தை மூட வேண்டியதில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார். புதிதாகக் கேட்பவர்கள் பத்தொன்பது பேர். ஒவ்வொருவரையும் ஒரு வீடாகக் கணக்கிட்டு ஆளுக்கு மூன்று சொல் என்றால் ஐம்பத்தேழு. நிலையத்துக்கு இதனால் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று கனகசபாபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடல் அடங்கியது நான்காம் நாள். விடிந்ததும் ஐம்பத்தேழு டப்பாக்களுடன் ரெஜினாள் வீட்டுக்குப் போனேன். சுவரோரம் முதலில் உட்கார்ந்திருந்தவனிடம் டப்பாவை நீட்டி, என்ன சொல் கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

“வாறேன்” என்றான்.

வேறு ஏதாவது கொடு என்றேன்.

“வந்தேன்” என்றான்.

பத்தொன்பது பேரையும் கேட்டேன். அவர்களிடம் இருந்தது அந்த ஒரே வேர்தான். அதை வாங்கினால் அவர்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அப்படிப்பட்டவர்களிடம் வாங்கலாமா என்பதற்கு விதி இல்லை. டப்பாக்களைத் திரும்பக் கட்டினேன்.

அப்போது மிக்கேல் தோளில் வலையும் கையில் தூக்குச்சட்டியுமாக வாசலுக்கு வந்தான். கரையிலிருந்து படகுக்காரர் சத்தம் போட்டார்.

“மிக்கேலு, பொண்ணு அழைக்கவா போற? சீக்கிரம் இறங்குடா.”

மிக்கேல் ரெஜினாளைப் பார்த்தான். “போயிட்டு” என்றான். நின்றுவிட்டான்.

“அதோட நிறுத்தாதீக” என்றாள் ரெஜினாள்.

“போயிட்டு” என்று மறுபடி சொன்னான். வாய் அசைந்தது.

“போறேன்னு மட்டும் சொல்லிப்புடாதீக.”

“சொல்லல. வேற என்னத்தச் சொல்ல?” அவன் வாசற்படியில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். கரையில் மற்றப் படகுகள் நகர ஆரம்பித்திருந்தன. மூன்றாவது தடவையாக, “போயிட்டு” என்றான்.

“வாறேன்” என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

சொன்னவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். மிக்கேல் வலையை இறக்கி அவன் தோளில் போட்டான். ரெஜினாள் தூக்குச்சட்டியைப் புருஷன் கையிலிருந்து வாங்கி, மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்து, எழுந்தவனிடம் கொடுத்தாள். அவன் நேராக நடந்துபோய் ஏழாவது படகில் ஏறினான். படகுக்காரர் அவனுக்குத் துடுப்பைக் கொடுத்தார்.

மிக்கேல் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ரெஜினாள் கஞ்சிக்கு அரிசி அளந்தாள். நான் பேரேட்டைத் திறந்து அன்றைய தேதியைப் போட்டு, சென்றவர் ஒன்று என்று எழுதினேன். சுவரோரம் மறுபடி எண்ணினேன். மீதி பதினெட்டு.