ஆந்தைப் பெட்டி

தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. கோபினா ஆந்தைச் சின்னத்தைக் கேட்டு வாங்கியதில்தான் கோளாறு ஆரம்பித்தது. அவன் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரன் புத்தகத்தில் ஆந்தை அறிவாளி. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் கரையில் ஃபாந்தி ஜனங்களுக்கோ அது செத்தவர்களின் பறவை.

"ஆந்தை ஒட்டின பெட்டிக்குள்ள எவனாச்சும் கையை விட்டுச் சீட்டுப் போடுவானா, டீச்சர்?" என்றாள் மனைவி அரபா. மீன் புகைத்து விற்கிறவள். வாங்குகிறவன் யார், அமுக்கிப் பார்த்துவிட்டு நகர்கிறவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"நாகரிகமானவங்க புரிஞ்சுக்குவாங்க."

"அப்படி ஊர்ல நாலு பேரு இருக்காங்க. அதுல ரெண்டு நாம."

சட்டசபைக்கு நிற்பதற்காக அவன் வேலையை உதறியிருந்தான். மிஷன் பள்ளியில் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். தோற்றால் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

வாக்குப்பதிவன்று காலை அரபா ஒரு புட்டி ஜின்னும் வாக்காளர் பட்டியலுமாகக் கடற்கரைக்குப் போனாள். முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்து மண்ணில் மது ஊற்றுவது வழக்கம். பழைய வரிக்கணக்கைப் பார்த்து எழுதிய பட்டியல் அது. படகோடு கடலில் மூழ்கிப் போனவர்களின் பெயர்களும் அடிக்கப்படாமல் இருந்தன. ஒன்றுவிடாமல் படித்தாள்.

"உசுரோட இருக்கிறவங்க உங்க பறவைக்குப் பயப்படுறாங்க. உங்களுக்கு என்னய்யா பயம்? வந்து போடுங்க."

நண்பகலில் வாக்குச்சாவடி வெறிச்சோடியது. ஆனாலும் குமாஸ்தா குனிந்தபடி பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே இருந்தான். பெட்டிகளை மறைத்த திரை, காற்றில்லாமலே விலகி விலகி விழுந்தது.

"யாருக்கு அண்ணே சீட்டுக் குடுக்குறீங்க?" என்றாள் அரபா.

"வரிசையில நிக்கிறவங்களுக்குத்தான். தள்ளி நில்லும்மா, வழியை மறைக்கிறே."

மாலையில் ஆந்தைப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. சீட்டுகள் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எதிர்த்து நின்ற துணிக்கடை குவான்சா ஒன்றை முகர்ந்து பார்த்தான். ஒரு முழத் துணிக்கு ஒரு மணிநேரம் வாதாடுகிற மனிதன், மறு எண்ணிக்கைகூடக் கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சபை கூடும் நாளன்று தலைநகர் அக்ராவுக்கு லாரி பிடித்தார்கள். ஓட்டுநர் இறங்கிச் சக்கரங்களைச் சுற்றிவந்தான்.

"ரெண்டு பேருதானேம்மா ஏறினீங்க? வண்டி ஏன் இப்படி அமுங்குது?"

கோபினா தன் கன்னிப்பேச்சை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் நேர்ல நன்றி சொல்லணும், அரபா."

அவள் துணியை ஒடுக்கிக்கொண்டு பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, டீச்சர்."

"ஏன்? இடம் கிடக்குதே."

"இல்லை," என்றாள் அரபா.