அவர் பேரில் ஒரு ஓட்டு

என் வீட்டுக்காரர் செத்த பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. இதை வெளியில் சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டி வருவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை. செருப்பைத் தட்டிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற சத்தம் கேட்கும். நான் மோர்ச் சொம்போடு எழுந்து போவேன். வாசலில் கோழிதான் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதில் பாதிக் குற்றம் ஆறுச்சாமியுடையது. ஆறுச்சாமி அவருடைய தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே தொண்டை. காலையில் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கும்போது எருதுகளை அவன் அதட்டுகிற அதட்டல் அச்சு அசல் அவருடையது. எங்கள் எருதுகளே ஏமாந்துபோய்த் தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் ஏமாறுவதற்குக் கேட்பானேன்?

அந்த மாசி மாதம் காங்கேயம் பக்கமெல்லாம் ஒரே தேர்தல் பேச்சு. முப்பத்தேழாம் வருஷத்துத் தேர்தல். நிலவரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு, அவர்கள் மனைவிமாருக்கும் உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. வீட்டுப் பெண்ணின் பெயரை வேற்று ஆம்பிளைக்குச் சொல்வதா என்று ஊரில் பாதி வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. இவரோ முந்தின ஆனியிலேயே, பெயர் எழுத வந்தவரை வழியில் மறித்து, ராமாமணி என்று சொல்லி எழுத வைத்துவிட்டு வந்தார்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நீ ஊட்டுக்குள்ள பேசற பேச்சுல கொஞ்சத்தக் கொண்டுபோயி அந்தப் பெட்டில போட்டுட்டா, நானாச்சும் நிம்மதியாத் தூங்குவேன் அம்மணி" என்றார்.

அதற்கப்புறம் ஆவணியில் காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் எனக்குக் கடைசியாக வாங்கித் தந்தது அந்த ஓட்டுத்தான். சேலையாக இருந்தால் பெட்டியில் மடித்து வைத்திருப்பேன். இதை ஒரு முறை போட்டால் தீர்ந்துவிடும். அதனாலேயே அந்த நாள் வர வேண்டும் என்றும் இருந்தது, வரக் கூடாது என்றும் இருந்தது.

தேர்தலுக்கு முன்னால் பஞ்சு வியாபாரி செங்கோட்டையன் வாசலுக்கு வந்தார். சுற்று வட்டாரத்துப் பஞ்செல்லாம் அவர் கிட்டங்கிக்குத்தான் போக வேண்டும். தேர்தலில் நின்ற பெரிய மனிதர் ஒருவருக்கு அவர்தான் இந்தப் பக்கத்து வலது கை. என் வீட்டுக்காரர் இருந்தபோது அவரிடமும் சந்தையில் வைத்து ஓட்டுக் கேட்டிருக்கிறார். "என்ற ஓட்டு உங்களுக்கு இல்லீங்க. கேட்டீங்க, சொல்லிப்போட்டேன்" என்று இவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தார். அதைச் செங்கோட்டையன் மறக்கிறவர் இல்லை.

"இந்தா அம்மணி, உன்ற ஓட்டு உன்ற புருசன் பேரப் புடிச்சு வந்தது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துக்கொண்டு. "அவன் செத்துப்போனான்னு அங்க வந்து வாயத் தொறந்தீன்னா உனக்கும் ஓட்டில்ல. பேசாம வந்து போட்டுட்டுப் போயிரு."

நான் கேட்காத யோசனையை இந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்து சொல்வானேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஓட்டு நாளன்று செங்கோட்டையனின் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆட்களை ஏற்றி வந்தன. என்னை ஏற்றவில்லை. வெள்ளைச் சேலை முன்னால் வந்தால் சகுனம் கெட்டுவிடுமாம். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனேன்.

ஒரே அறை, ஒரு மேஜை. ஒரு பக்கம் ஆண்கள் வரிசை, மறு பக்கம் பெண்கள் வரிசை. கவுண்டர், ராவுத்தர், செட்டியார் என்று முன்னும் பின்னுமாக நின்றார்கள். ஊர்க் கிணற்றில் நாங்கள் தண்ணீர் சேந்த விடாத தெற்கு வளவு மாறனும் தன் புஞ்சைக் காட்டுக்கு வரி கட்டியவன் என்ற உரிமையில் அதே வரிசையில் நின்றான். எனக்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் அற்புதம். கோயமுத்தூரிலிருந்து வந்த அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து பெஞ்சில் வேட்பாளரின் ஏஜெண்டாகச் செங்கோட்டையன்.

"திருமலைசாமி" என்று கூப்பிட்டார் அதிகாரி.

"இருக்கறனுங்க."

அந்தக் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷம்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் என் புருஷன் உயிரோடு இருந்தார். மோர்ச் சொம்பைத் தேடி என் கை இடுப்புப் பக்கம் போனது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய காப்பிக் கலர்க் கோட்டு. அவர் கட்டுகிற மாதிரியே ஒரு பக்கம் சரிந்த தலைப்பாகை. உள்ளே ஆறுச்சாமி. கருமாதி முடிந்ததும் அந்தக் கோட்டை அவனுக்குக் கொடுத்தது நான்தான். செங்கோட்டையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி சீட்டை எடுத்து நீட்டினார்.

பேசாமல் நின்றால் அவர் வாங்கித் தந்த ஓட்டு எனக்கு மிஞ்சும். பேசினால் அது போகும், அவரும் போவார். இருக்கறனுங்க என்று அவர் குரலே சொல்லிவிட்ட பிறகு இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வது? ஆனால் சந்தையில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்ற மனிதரைச் செத்த பிறகு பிடித்து வந்து ஆமாம் போட வைக்கிறார்களே என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங்க, அது அவரில்லீங்க" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "எவர் இல்லை?"

"எங்கூட்டுக்காரருங்க."

"அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லீங்க" என்று சிரித்தார் செங்கோட்டையன். "ஆளில்லாத வாசல்ல நின்னு மோரு குடுக்கறவங்க."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். இது எப்படி வெளியே போனது என்று ஆறுச்சாமியைப் பார்த்தேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அம்மா, யாரைப் பற்றி ஆட்சேபணை சொல்கிறீர்களோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும்" என்றார் அதிகாரி. "வீட்டுக்காரர் என்றால் எழுதிக்கொள்ள முடியாது."

"நான் சொல்றேன் சார்" என்றாள் அற்புதம்.

"ஆட்சேபிக்கிறவர் வாயால் வர வேண்டும்."

எங்களில் புருஷன் பெயரை யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்து மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். திருமலை என்று கோயில் பேச்சு வந்தால்கூட நான் பெருமாள் மலை என்றுதான் சொல்வேன். இனி குறைவதற்கு ஆயுசு ஏது? ஆனாலும் நாக்கு எழும்பவில்லை. நான் சொல்லாத வரைக்கும் அவர் கொஞ்சம் இருந்தார்.

"திருமலைசாமி" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "திருமலைசாமி செத்துப்போயிட்டாருங்க. ஆவணி மாசம். நானே வாய்க்கரிசி போட்டனுங்க."

அதிகாரி ஆறுச்சாமி பக்கம் திரும்பினார்.

"நீ யாரப்பா?" என்று கேட்டார் அதிகாரி. ஆறுச்சாமி தலைப்பாகையை அவிழ்த்தான். "அவரு தம்பிங்க" என்றான். இப்போது அது அவன் குரலாகவே இருந்தது. அதிகாரி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்தப் பெயர் மேல் கோடு போட்டார்.

செங்கோட்டையன் எழுந்துவிட்டார். "அப்ப அவளுக்கும் ஓட்டில்லீங்க. புருசனில்லாதவளுக்கு ஏது ஓட்டு?"

எனக்கு அது தெரிந்த சங்கதி. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். இரண்டையும் இழந்துவிட்டேன் என்று தெரிந்துதான் நடந்தேன். வாசற்படியை எட்டுவதற்குள் அதிகாரி கூப்பிட்டார்.

"நில்லுங்கம்மா. கணவர் இறந்தாலும் மனைவியின் பெயர் நிற்கும், சட்டம் அப்படித்தான். ராமாமணி, கணவர் திருமலைசாமி. சரிதானே?"

"சரிதானுங்க" என்றேன்.

மறைப்புக்குப் பின்னால், தேர்தலில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் பெட்டிகள் இருந்தன. என் சீட்டை எதில் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் போதும், உங்களுக்கு வேண்டாம்.

வெளியே வந்தால் ஆறுச்சாமி கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

"நங்கையா" என்றான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. "என்ற பஞ்ச எடுக்கமாட்டேன்னு மிரட்டுனாருங்க. அதுக்குத்தான் வந்தேன். ஆனா அங்க அண்ணன் பேரக் கூப்புட்டப்ப, பஞ்சு நெனப்பே இல்லீங்க. யாராச்சும் இருக்கறேன்னு சொல்லோணும் போல இருந்துச்சுங்க."

அவன் அழுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவனிடம் சொல்லவில்லை. "கோட்டு உனக்குக் குடுத்ததுதான், போட்டுக்க. பேரக் குடுக்குலே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போகிற இட்டேரித் தடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. திருமலைசாமி என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு வாய்விட்டுக் கூப்பிட்டேன். செருப்புச் சத்தம் இல்லை, கனைப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. அத்தனை வருஷம் கூட இருந்தோம். உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்.