நான்காவது வரியில் அரங்கின் பெயர்

பிற்பகல் மூன்று மணிக்கு நாடக அரங்கின் இணையதளத்தைத் திறந்த அக்கா, பக்கத்தை மறுபடியும் ஏற்றிப் பார்த்தாள். உச்சியில் அரங்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மின்னஞ்சல் முகவரி நின்றது. அதற்குக் கீழே, 'எல்லா இருக்கைகளும் நிரம்பிவிட்டன' என்று சிவப்பில் ஓர் அறிவிப்பு. புதிய நாடகத்துக்கு முன்பதிவு தொடங்குவதே நான்கு மணிக்குத்தான்.

பதினோரு வருடமாக அவள் பார்த்துக்கொண்ட தளம். நாளை முதல் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போம் என்றுதான் அமைப்புக் கோப்பைத் திறந்திருந்தாள். பெயர், தொலைபேசி, இருக்கைகளின் எண்ணிக்கை என்று இருபத்துமூன்று விவரங்கள். தளம் கண் விழித்ததும் முதலில் படிப்பது அந்தக் கோப்பைத்தான். நடுநடுவே அவளும் தம்பியும் தொடக்க நாட்களில் ஒருவரையொருவர் வாரி எழுதிய குறிப்புகள். யாரோ படித்துச் சிரிக்க வேண்டாம் என்று அத்தனையையும் அழித்துச் சேமித்துவிட்டாள். தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றி, பழையதைக் காலையிலேயே துடைத்தாயிற்று. நகல் கிடையாது.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் இருக்கும் நாட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"வெறும் குறிப்பைத்தானடா எடுத்தேன்? அதுக்கு ஏன் இப்படிக் குழம்புது?"

"வரிய எண்ணித்தானே அது படிக்கும்? நாலாவது வரி பேரு, ஒன்பதாவது வரி போன். அப்படிப் படிக்கிற புரோகிராமை எழுதின மகராசி யாருக்கா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிரல் எழுதக் கற்ற முதல் மாதத்தில் அவளே எழுதியது. அதன் மூலப்பிரதி அந்தக் காலக் கணினியோடு போய்ச் சேர்ந்துவிட்டது; ஓடுகிற பிரதி மட்டுமே மிச்சம், அதைத் திருத்த முடியாது.

"காலி வரி விட்டாலே போதும். எங்க எத்தனைன்னு தெரியணும், அவ்வளவுதான்" என்றான். "முதல் மூணு வரி, நீ என்னைத் திட்டினது. ஃபேனை உன் பக்கமே திருப்பி வச்சுக்கறியேன்னு."

தையல் கடைக்கு மேலே அப்போது இருவரும் வேலை பார்த்த அறை அவள் கண்முன் வந்தது. ஒரே மேசை, ஒரே கணினி, கழுத்து திரும்பாத மின்விசிறி, மூலையில் கடைக்காரரின் துணி மூட்டை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும்.

"பேருக்கு அப்புறம்?"

"நாலு வரி நான் எழுதினேன். 'அக்கா தூங்கும்போது வாயைத் திறந்து தூங்குகிறாள், சான்று கேட்டால் தரப்படும்.'"

"நாயே, அது நாலு வரியா?"

"சான்றுகளையும் எழுதியிருந்தேனே."

அவள் சிரித்துக்கொண்டே நான்கு வரி விட்டாள். இருக்கை எண்ணிக்கைக்கு மேலே இரண்டு: இதற்குமேல் கூட்டினால் மேலாளர் மடியில்தான் உட்கார வேண்டும் என்று அவள் எழுதியவை. மின்னஞ்சலுக்கு மேலே ஒன்று: அம்மா அனுப்பிய சாப்பாட்டை யார் முதலில் திறந்தது என்ற தகராறு. ஒவ்வொரு சண்டையாகக் கோப்பு கீழே நீண்டது. மூன்றே முக்காலுக்குச் சேமித்தாள்.

அரங்கின் பெயர் தன் இடத்துக்கு வந்தது. இருபது விவரங்கள் சரி. கடைசி மூன்று மட்டும் ஒரு வரி தள்ளி நின்றன.

"இன்னும் ஒண்ணு இருந்திருக்கு" என்றாள். "நீ எழுதினதா, நானா?"

"ஞாபகம் வரலியேக்கா."

அவளுக்கும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு காலி வரி விட்டுச் சேமித்தாள். எல்லாம் சரியாக வந்தது. நான்கு மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கைகள் விற்றுப்போயின.

"முடிஞ்சுதுடா. நீ போய் வேலைக்குக் கிளம்பு."

"இரு அக்கா. அந்த வரிதான், நீ துணி மூட்டை மேல உக்காந்து ஏதோ சொன்னே, நான் டைப் அடிச்சேன். என்ன சொன்னே?"

அக்கா நாற்காலியை மேசையிலிருந்து பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"மழை பெஞ்ச அன்னைக்கா?"

"மழை இல்ல. கரண்ட் போன அன்னைக்கு."

"கரண்ட் இல்லாம எப்படிடா டைப் அடிச்சே?"

"அதானே" என்றான் தம்பி. போனை அவனும் வைக்கவில்லை.