ஒரு விரல்கடை

பொற்கொடியின் குத்து அச்சுப் பிசகாமல் போய், அந்த ஆளின் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கை தானாக நின்றது. போட்டியில் எதிராளியின் முகத்தில் பட்டால் புள்ளி போய்விடும், படாமல் நிறுத்தினால்தான் கைதட்டல் என்று பதினொரு வருடம் கராத்தேயில் பழகிய கை. மூக்கண்டப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் காலை ஏழரை மணிக்கும் அதே ஒழுக்கத்தோடு நடந்துகொண்டது. பாழாய்ப்போன ஒழுக்கம்!

ஒரு வாரமாக அனிதாவின் பின்னாலேயே சுற்றுகிறவன் அவன். அனிதா கம்பெனியில் பொற்கொடிக்கு அடுத்த மேஜையில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் பொற்கொடி நடத்தும் வகுப்புக்கு வந்து, எதையும் உருப்படியாகச் செய்யாதவள். "கூட மட்டும் வாங்கக்கா, போதும்" என்று கெஞ்சியிருந்தாள். அவன் வந்து அனிதாவின் மணிக்கட்டைப் பிடித்ததும்தான் இந்தக் குத்து.

அவன் முஷ்டியைப் பார்த்தான். முதலில் பயந்தான், அப்புறம் சிரித்தான்.

"ஹொடி அக்கா, ஹொடி!" என்று கன்னடத்தில் உசுப்பினான். "அடிக்காம என்ன படம் காட்டறீங்க?"

அனிதா குனிந்து அவன் கையைக் கடித்தாள். நன்றாக, பல் பதிய. அவன் அலறிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினான்.

அன்று முழுக்கப் பொற்கொடிக்கு வேலை ஓடவில்லை. கற்றுக்கொடுத்த மாஸ்டர் மேல் எரிச்சல், தன் கை மேல் அதைவிட எரிச்சல். கடிப்பதற்கு எந்த பெல்ட்டும் வேண்டியிருக்கவில்லையே. பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்று வகுப்புக்கு வரும் ஆறு பெண்களிடம் எந்த வாயால் சொன்னோம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் வந்துவிட்டார்கள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"கிளாஸ நிறுத்திடலாம்னு இருக்கறேன். எனக்கே ஒருத்தன அடிக்க வரல. உங்களுக்கு என்னத்த சொல்லித் தர்றது?"

அனிதா கீழே ஓடிப்போய் ஒரு தலையணையோடு வந்து, அதை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரில் நின்றாள்.

"இதுல அடிங்கக்கா."

பொற்கொடி அடித்தாள். தலையணைக்கு மேலே ஒரு முகம் இருந்தது. கை நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள், அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ச்சீ! போங்கடி எல்லாரும்."

அனிதா போகவில்லை.

"நீங்க எப்பவும் போலயே அடிங்கக்கா. கை எங்க நிக்குதோ அங்க நான் முன்னாடி வந்து நிக்கறேன்."

தலையணையை இறுக்கிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். பொற்கொடி முஷ்டியை இடுப்புக்கு இழுத்தாள். அனிதா கண்ணை மூடாமல் நின்றாள்.